பச்சை பிடித்த தொட்டி

மௌரீன் மிஸ் ஆஸ்திரேலியாவுக்குப் போகிறார் என்பது பெங்களூர் மர்பி டவுனின் அந்தச் சந்தில் பெரிய செய்தியாக இல்லை. அவர் போனால் மேஜரை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் பேச்சாக இருந்தது.

மேஜர் ஒரு மீன். நீலநிற கௌராமி. உள்ளங்கை அகலம் இருக்கும். வயிற்றுப் பக்கத்திலிருந்து மீசைபோல இரண்டு நீண்ட இழைகள் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் இடதுபக்க மீசை எந்தக் காலத்திலோ அறுந்துபோய் பாதிதான் மிச்சம். மௌரீன் மிஸ் தன் பழைய வீட்டின் கூடத்தில், தண்ணீர்த் தொட்டிக்குள் பிளாஸ்டிக் செடிகளுக்கும் ஒரு பீங்கான் வளைவுக்கும் நடுவே அதை வளர்த்துவந்தார். பல வருடம் நர்சரிப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஆங்கிலோ இந்தியர், தனியாள். பெர்த்தில் இருக்கும் தம்பி லாயிடுக்கு முழங்கால் ஆபரேஷன், கூட இருக்க ஆள் வேண்டும் என்று அழைப்பு வந்ததும் மறுக்க முடியவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு புறப்பாடு.

தெருமுனையில் நின்று அவர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது அதே சந்தில் குடியிருக்கும் தனக்கோடி பீன்யாவிலிருந்து வேலை முடிந்து வந்துகொண்டிருந்தாள். அவளுடைய மகன் முகேஷுக்கு ஏ, பி, சி, டி சொல்லிக்கொடுத்தது மௌரீன் மிஸ்தான். முகேஷ் இப்போது ஓசூரில் வேலை, மனைவி, குழந்தை என்று இருக்கிறான். அந்த நன்றியோ என்னவோ, யோசிப்பதற்கு முன்னால் அவள் வாய் முந்திக்கொண்டது.

"எங்க வூட்ல வெச்சிக்கிறேன் மிஸ். ஒரு மீனு தானே."

ஒரு மீன்தான். ஆனால் அதோடு தொட்டியும், இரும்பு ஸ்டாண்டும், கூழாங்கல்லும், காற்று ஊதும் மோட்டாரும் வந்தன. தனக்கோடியின் கணவன் சின்னப்பா தெருவில் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுத் தூக்கிவந்தான். முன்னறையில் டிவி இருந்த இடத்தில் தொட்டி உட்கார்ந்தது. டிவி சுவருக்கு ஏறியது. தொட்டிக்கு மேலே புத்தர் படம் இருந்த பலகை மட்டும் அப்படியே இருந்தது. தூக்கிவந்த குலுக்கலில் தொட்டியின் மூடியில் இருந்த பழைய டியூப்லைட் மட்டும் உயிரை விட்டுவிட்டது.

அந்த வீட்டுக்குள் வெயில் வராது. சந்து அவ்வளவு குறுகல். எதிர்வீட்டு மாடி இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். பகலிலும் விளக்குப் போட்டால்தான் அரிசியில் கல் தெரியும். மிஸ் வீட்டுப் பெரிய ஜன்னல் வெளிச்சத்தில் ராஜா மாதிரி திரிந்த மேஜர், இங்கே வந்ததும் வளைவுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டது. சாப்பாடு போட்டாலும் வரவில்லை.

தனக்கோடிக்கு அது பொறுக்கவில்லை. அவளுடைய வேலையே வெளிச்சம்தான். பீன்யாவில் எல்.இ.டி. விளக்கு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் பல வருடமாக இருக்கிறாள். முதலில் சால்டரிங் மேஜையில் உட்கார்ந்து பற்றவைத்துக்கொண்டிருந்தவள், இப்போது ஏஜிங் பகுதியில் இருக்கிறாள். செய்து முடித்த விளக்குகளை அடுக்கடுக்கான ரேக்கில் மாட்டி, மணிக்கணக்கில் எரியவிட்டு, எது கண் சிமிட்டுகிறது, எது நிறம் மாறுகிறது என்று பார்க்க வேண்டும். ஊரில் எத்தனையோ தெருக்களில் தான் பார்த்து அனுப்பிய விளக்கு எரிகிறது, தன் வீட்டில் ஒரு மீன் இருட்டில் கிடக்கிறதே என்று மெட்ரோவில் வரும்போதெல்லாம் அவளுக்கு உறுத்தியது.

சூப்பர்வைசர் பரத்திடம் கேட்டாள். சேலத்துப் பையன், அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். நிறம் சரியாக வராததால் ஒதுக்கிப்போட்ட எல்.இ.டி. பட்டிகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. எதற்கு என்று விசாரித்தான். மீனுக்கு என்றாள். அவன் சிரித்துவிட்டு, மேலே ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, வெளியே எடுத்துப்போகக் கேட் பாஸ் எழுதிக்கொடுத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் தரையில் உட்கார்ந்து அந்த விளக்கைச் செய்தாள். அலுமினியச் சட்டத்தில் பட்டிகளை நெருக்கமாக ஒட்டி, ஒயர்களைப் பற்றவைத்து, ஆவி உள்ளே போகாமல் மேலே அக்ரிலிக் தகடு வைத்து மூடினாள். ஒயர் வழியாகத் தண்ணீர் வழிந்து பிளக்குக்குப் போய்விடக்கூடாது என்று அதைக் கீழே தொங்கவிட்டு வளைத்து மேலேற்றினாள். சின்னப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்க்ரூடிரைவர் எடுத்துக்கொடுத்தான்.

சுவிட்சைப் போட்டதும் அறையே வெளுத்துப்போனது. கூழாங்கற்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. கதவுக்குக் கீழே வெளிச்சம் வழிந்து சந்துக்குப் போனது. என்ன ஆச்சு என்று பக்கத்து வீட்டு பாகீரதி எட்டிப் பார்த்தாள். துணிக்கடை மாதிரி இருக்கு என்றாள். சின்னப்பா எங்கேயோ கிடந்த கூலிங்கிளாஸைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, இனிமேல் வீட்டுக்குள் இப்படித்தான் இருக்கப்போவதாகச் சொன்னான். மேஜர் மெதுவாக வளைவை விட்டு வெளியே வந்து, தன் ஒன்றரை மீசையால் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தது.

தனக்கோடிக்கு அன்றைக்கு இருந்த பெருமையை அளந்து சொல்ல முடியாது.

இவ்வளவு வெளிச்சத்தில் பிளாஸ்டிக் செடிகள் அசிங்கமாகத் தெரிந்தன. சாயம் போய், ஓரம் நைந்து, பழைய காலண்டர் மாதிரி இருந்தன. அவள் சிவாஜிநகர் போய், மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் மீன்கடையில் உயிருள்ள செடி கேட்டாள். நாடா மாதிரி நீளமாக வளரும் புல் ஒரு கட்டு, கல்லில் கட்டிவிடும் பாசி ஒரு பிடி, அகல இலைச் செடி ஒன்று, கூடவே நாலைந்து கப்பி மீன் என்று கடைக்காரர் பையில் போட்டுக் கொடுத்தார். தண்ணீருக்குள் செடி நடுவது வேடிக்கையான வேலை. வேரை அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் செடி பின்னாலேயே மிதந்து வந்துவிடும். நாடாப்புல்லோடு அவள் ஒரு சாயங்காலம் முழுக்க மல்லுக்கு நின்றாள்.

ஆனால் வேர் பிடித்த பிறகு அவை வளர்ந்த வேகம் அவளையே அசத்தியது. புல் தண்ணீர் மட்டத்தைத் தொட்டு, அங்கேயே மடிந்து ஓடியது. மாலையில் வந்து பார்த்தால் இலைகளின் மேல் பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றொன்றாகக் கழன்று மேலே போகும். வேலை, மெட்ரோ நெரிசல், சமையல் எல்லாவற்றுக்கும் நடுவே அந்தக் குமிழி மேலே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் தோள்வலி தெரியவில்லை என்று சின்னப்பாவிடம் சொன்னாள். காலையில் எழுந்ததும் சுவிட்சைப் போட்டு, படுக்கும்போதுதான் அணைத்தாள். வெளிச்சம் கூடக்கூடச் செடிக்கு நல்லது என்பதில் அவளுக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.

முதலில் கண்ணாடியில் பச்சையாக ஒரு மூச்சுப் படிந்த மாதிரி வந்தது. துடைத்தாள். பிறகு புல்லின் நுனிகளில் தலைமுடிபோல நூல் நூலாகத் தொங்கியது. பழைய டூத்பிரஷ்ஷால் சுற்றி இழுத்தாள். நூடுல்ஸ் மாதிரி வந்தது. அடுத்த வாரம் இரண்டு மடங்கு தொங்கியது. அகல இலைகள் வழுவழுவென்று பாசி போர்த்திக்கொண்டன. கடைசியில் தண்ணீரே பச்சையாகிவிட்டது. லேசான பச்சை இல்லை, கொத்தமல்லிச் சட்னி மாதிரி. மேஜர் கண்ணாடியை ஒட்டி வந்தால்தான் இருப்பது தெரியும். இல்லாவிட்டால் பச்சைக்குள் ஒரு நிழல்.

அவள் தண்ணீரை மாற்றினாள். பாதித் தொட்டியை இறைத்து, புதுத் தண்ணீர் ஊற்றினாள். இரண்டு நாள் தெளிவாக இருக்கும். மறுபடியும் சட்னி. மறுபடியும் இறைப்பாள்.

இதற்கிடையில் மௌரீன் மிஸ் பெர்த்திலிருந்து வீடியோ காலில் வருவார். மேஜரைக் காட்டு சைல்ட் என்பார். லாயிடின் முழங்கால் சீக்கிரம் சரியாகவில்லை, அவர் திரும்பி வருவது தள்ளிக்கொண்டே போனது. தனக்கோடிக்குத் தொட்டியைக் காட்ட வெட்கம். சுத்தமான தண்ணீரில் ஒப்படைத்ததை இப்படி ஆக்கிவைத்திருக்கிறோமே என்று இருந்தது. அதனால் பிரஷ்ஷால் கண்ணாடியின் ஒரு மூலையை மட்டும் தேய்த்துவிட்டு, மேஜர் அந்த மூலைக்கு வரும் நேரம் பார்த்து போனைக் கிட்டே கொண்டுபோவாள். மிஸ்ஸுக்கு ஒரு நீலக் கலங்கல் தெரியும். உடனே நெட் சரியில்லை மிஸ் என்று சொல்லி போனைத் திருப்பிவிடுவாள். மிஸ்ஸும் அதற்குமேல் கேட்கமாட்டார். போகப்போக மேஜரைப் பற்றிக் கேட்பதையே குறைத்துக்கொண்டார். தப்பித்தோம் என்று தனக்கோடி நினைத்துக்கொண்டாள்.

அந்த வருடக் கோடை பெங்களூரை உலுக்கிவிட்டது. போர்வெல்கள் வற்றின. காவேரித் தண்ணீர் வரும் நாள்கள் தள்ளித் தள்ளிப் போயின. சின்னப்பாவுக்கு அந்த வட்டாரத்தில் தண்ணீர்க் குழாய் வால்வு திறந்துவிடும் வேலை. எந்தத் தெருவுக்கு எப்போது என்று இரும்புக் கம்பியோடு சைக்கிளில் சுற்றுவான். மற்ற நாள்களில் யாரும் கண்டுகொள்ளாத மனிதன், அந்தக் கோடையில் போகும் இடமெல்லாம் பத்துப்பேர் சூழ்ந்துகொள்ளும் ஆளாகிவிட்டான். அவன் கையில் கம்பிதான் இருக்கிறது, தண்ணீர் இல்லை என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

ஒரு நாள் காலை தனக்கோடி தொட்டியிலிருந்து இறைத்த பச்சைத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தாள். பாகீரதி காலிக் குடத்தோடு வாசலில் நின்று அதைப் பார்த்தாள். பாகீரதி சண்டைக்காரி இல்லை. வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார் இருந்தார். அவரைத் துடைத்துவிடவும் தண்ணீர் பற்றாத நாள் அது.

"வால்வுக்காரர் வூட்டு மீனுக்குத் தண்ணி இருக்கு. எங்க வூட்டு மனுசருக்கு இல்ல" என்றாள். சத்தம்கூடப் போடவில்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தனக்கோடிக்குச் சுருக்கென்றது. தன் வீட்டுப் பங்கிலிருந்துதானே எடுக்கிறோம், யார் குடத்திலிருந்தும் எடுக்கவில்லையே என்று மனதுக்குள் வாதாடிப் பார்த்தாள். ஆனாலும் கையில் இருந்த பக்கெட் கனத்தது. பேச்சு மாலைக்குள் சந்து முழுக்கப் பரவி, வால்வு திறக்கப் போன சின்னப்பாவின் காதுக்கும் வந்து சேர்ந்தது. அவன் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, தொட்டிக்கு எதிரில் உட்கார்ந்தான்.

"தனம், நா கேக்குறத தப்பா எடுத்துக்காத. மழ வர்ற வரிக்கும் இதுக்கு ஒரு பக்கெட்டும் எடுக்கக்கூடாது. நாளைக்கி கம்பிய எடுத்துக்கினு அவங்க மொகத்துல தான் நா முழிக்கணும்."

அவன் கேட்டது நியாயம்தான். அதனாலேயே அவளுக்குக் கோபம் அதிகமாக வந்தது. எழுந்து, விளக்கின் பிளக்கைப் பிடுங்கினாள். பரண்மேல் இருந்த பழைய கம்பளியை எடுத்து, தொட்டியின் தலையோடு கால் மூடிவிட்டாள். காற்று ஊதும் மோட்டாரை மட்டும் ஓடவிட்டாள். இனிமேல் அந்தப் பச்சையை ஒரு நாள்கூடக் கண்ணால் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அந்த நாள்களில் வீடு என்னவோ மாதிரி இருந்தது. முன்னறை பழையபடி இருட்டு. கம்பளிக்குள்ளிருந்து மோட்டாரின் முணுமுணுப்பு மட்டும் கேட்கும். அவ்வப்போது 'ளப்' என்று ஒரு சின்னச் சத்தம். கௌராமி தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயால் காற்றுக் குடிக்கும் மீன். அந்தச் சத்தம் கேட்டால் தனக்கோடி தோசைக் கரண்டியோடு அப்படியே நின்று, அடுத்த தடவை கேட்கும்வரை காத்திருப்பாள். கேட்டதும் தோசையைத் திருப்புவாள். திறந்து பார்க்க மட்டும் பிடிவாதம் விடவில்லை. மிஸ்ஸிடம் என்ன சொல்லி மீனைத் திருப்பிக் கொடுப்பது, பேசாமல் அந்த மீன்கடையிலேயே விட்டுவிடலாமா என்றெல்லாம் நினைப்பு ஓடியது.

வாரக் கடைசியில் பிடிவாதத்தை மீறிக் கவலை வந்துவிட்டது. இத்தனை நாள் சாப்பாடு போடவில்லையே. கம்பளியின் ஒரு முனையைத் தூக்கினாள். தூக்கியவள் முழுவதும் இழுத்துவிட்டாள்.

தண்ணீர் தெளிந்திருந்தது. பச்சை போன இடம் தெரியவில்லை. பின்பக்கக் கண்ணாடிக்கு அப்பால் சுவரில் சுண்ணாம்பு உரிந்திருப்பதுகூடத் தெரிந்தது. நூல் பாசி வெளுத்துத் துவண்டு, கை வைத்ததும் கழன்றது. செடிகள் கொஞ்சம் வாடியிருந்தாலும் உயிரோடு நின்றன. நடுவில் மேஜர், என்னம்மா இவ்வளவு நேரம் என்பது மாதிரி அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு சொம்புத் தண்ணீர்கூட மாற்றவில்லை. மாறியது வெளிச்சம் மட்டும்தான். அப்படியென்றால் அந்தப் பச்சையை ஊட்டி வளர்த்ததே அவள் பெருமையோடு செய்த விளக்குதான். செடி தின்றது போக மிஞ்சிய வெளிச்சத்தையெல்லாம் பாசி தின்றிருக்கிறது. இது விளங்கியபோது முதலில் அவளுக்கு அவமானமாக இருந்தது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து சிரிக்கிறவளைப் பார்த்துச் சின்னப்பா பயந்துபோனான்.

அவள் விஷயத்தைச் சொன்னதும் அவன் தலையைச் சொறிந்தான். அவனிடமும் ஒன்று இருந்தது. மத்தியானம் சாப்பிட வரும்போதெல்லாம் மேஜருக்கும் கப்பிகளுக்கும் ஒரு பிடி தீனி போட்டுக்கொண்டிருந்தானாம். காலையில் அவள் அவசரத்தில் மறந்திருப்பாள் என்ற எண்ணம். தனக்கோடி காலையிலும் போட்டாள், மாலையிலும் போட்டாள். மீன் தின்னாமல் விட்டதெல்லாம் அடியில் அழுகிப் பாசிக்கு உரமாயிருக்கிறது. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு பாசிப் பண்ணையே நடத்தியிருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் விளக்கைப் பிரித்தாள். ஆசை ஆசையாக ஒட்டிய பட்டிகளைச் சால்டரிங் அயர்ன் வைத்துக் கழற்றுவது, உடுத்திய புடவையில் பாதியைக் கிழித்துக் கொடுப்பது மாதிரி இருந்தது. ஒன்றைக் கழற்றிவிட்டு, இது போதும் என்று நிறுத்துவாள். பிறகு இன்னொன்றையும் கழற்றுவாள். கடைசியில் பாதிக்கும் குறைவாகவே மிஞ்சியது. சட்டத்தையும் முன்னைவிட உயரத்தில் தொங்கவிட்டாள். தானாக எரிந்து அணையும் டைமர் பிளக் ஒன்று வாங்கி, தான் வேலையிலிருந்து வரும் நேரத்துக்கு எரிந்து, படுக்கும் நேரத்துக்கு அணையும்படி வைத்தாள். தீனி ஒரு வேளைதான், அதைச் சின்னப்பாதான் போட வேண்டும் என்று முடிவாயிற்று.

பாசி அடியோடு ஒழிந்துவிடவில்லை. கண்ணாடி ஓரத்தில் கொஞ்சம், பீங்கான் வளைவின் முதுகில் கொஞ்சம் என்று எங்கேயாவது இருந்துகொண்டுதான் இருந்தது. வாரத்துக்கு ஒரு முறை பிரஷ் போட்டு, தன் குளியலில் மிச்சம் பிடித்த கொஞ்சம் தண்ணீரை குளோரின் போக ஒரு நாள் வைத்திருந்து ஊற்றினாள். அழுக்குத் தண்ணீரை இந்தத் தடவை சாக்கடைக்குக் கொண்டுபோகவில்லை. பாகீரதி வீட்டு வாசலில் பெயின்ட் டப்பாக்களில் கறிவேப்பிலையும் ரோஜாவும் காய்ந்துகொண்டிருந்தன. பாகீரதி வாசலில் இருந்தபோதே தனக்கோடி போய் வேரில் ஊற்றிவிட்டு வந்தாள். சில வாரம் கழித்து பாகீரதி ஒரு கொத்துக் கறிவேப்பிலையோடு வந்து கதவைத் தட்டினாள்.

"அந்த மீன் தண்ணி இருந்தா வேற யாருக்கும் குடுக்காத தனம். ரோஜா மொட்டு வுட்டுருக்கு" என்று சொல்லிவிட்டு, தொட்டிக்கு எதிரில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனாள்.

மழை வந்த பிறகு மௌரீன் மிஸ்ஸும் வந்தார். வந்தது தெரிந்து தனக்கோடி வீட்டைப் பெருக்கி, கண்ணாடியைத் துடைத்து, காத்திருந்தாள். மிஸ் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. போன் பண்ணினால், ஜெட்லாக் சைல்ட், அப்புறம் வரேன் என்றார். குரலில் பழைய கலகலப்பு இல்லை. வீடியோவில் சரியாகக் காட்டாததற்குக் கோபமோ என்று தனக்கோடி பயந்தாள்.

ஒரு வழியாக ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராக வந்தார். கையில் சாக்லேட் டப்பா. உள்ளே வந்தவர் தொட்டி இருந்த பக்கம் திரும்பாமல், வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். முகேஷைப் பற்றி விசாரித்தார். லாயிட் இப்போது நன்றாக நடக்கிறான் என்றார். பிறகு தனக்கோடியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தனம், என்கிட்ட உண்மைய சொல்லு மேன். நான் கோவிக்கவே மாட்டேன். மேஜர் எப்போ போச்சு?"

தனக்கோடிக்குப் புரியவில்லை. "எங்க போச்சு மிஸ்? உள்ள தான இருக்குது."

"நீ எனக்காக வேற மீன் வாங்கி வெச்சிருக்கே. எனக்குத் தெரியும். போன்ல நீ ஒரு கார்னர் மட்டும் காட்டுவே, ஒடனே போனத் திருப்பிடுவே. லாயிட்கிட்ட சொல்லி அழுதேன். பாவம் அந்தப் பொண்ணு, சொல்லப் பயப்படுதுன்னு."

தனக்கோடி எழுந்துபோய், மிஸ்ஸின் நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்து, அவரோடு சேர்த்து அப்படியே தொட்டிப் பக்கம் திருப்பினாள்.

இன்னும் மாலை ஆகாததால் விளக்கு எரியவில்லை. அவள் கையால் போட்டாள். இதமான வெளிச்சத்தில் நாடாப்புல் அசைந்தது. கற்களின்மேல் அவள் கட்டிவிட்ட பாசி மெத்தை மாதிரி பரவியிருந்தது. அகல இலைகளுக்கு நடுவே கப்பிகள் வாலை விசிறிக்கொண்டு திரிந்தன. மிஸ் தன் தொட்டியை அடையாளம் தெரியாமல் பார்த்தார். புல்லைப் பிளந்துகொண்டு ஒரு நீல மீன் வந்தது. கண்ணாடி அருகே நின்று, நீளமான வலது மீசையையும் பாதியாக நின்ற இடது மீசையையும் நீட்டியது.

மிஸ் எழுந்தார். மூடியைத் திறந்து விரல் நுனியைத் தண்ணீரில் வைத்தார். மேஜர் மேலே வந்து அந்த விரலைச் சின்னதாகக் கவ்விப் பார்த்தது. அவர் வீட்டில் காலையில் அப்படித்தான் தீனி வாங்குமாம். மிஸ் அப்படியே நின்றுகொண்டு அழுதார். தனக்கோடியும் அழுதாள். பச்சைத் தண்ணீர், தேய்த்துவைத்த மூலை, பாகீரதி சொன்னது, கம்பளி என்று எல்லாவற்றையும் அழுகையோடு ஒப்பித்தாள். கேட்கக் கேட்க மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல வேளை, பெர்த் சர்ச்சில் மேஜருக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்றி வைத்ததை யாரிடமும் சொல்லவில்லை என்றார்.

இப்போது தொட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மிஸ் தானாகக் கேட்கவில்லை. நீயே வைத்துக்கொள் என்றும் சொல்லிவிட முடியாமல், மேஜரைப் பார்ப்பதும் தனக்கோடியைப் பார்ப்பதுமாக இருந்தார். தனக்கோடிதான் அடுத்த வாரமே ஆளைக் கூப்பிட்டாள். செடிகளில் பாதியைத் தொட்டியோடு அனுப்பி, மீதிச் செடியையும் கப்பிகளையும் ஒரு பிளாஸ்டிக் டப்பில் நிறுத்திக்கொண்டாள். விளக்கையும் மிஸ் வீட்டிலேயே மாட்டிக் கொடுத்தாள். அந்தக் கூடத்து ஜன்னல் வெயில் நேராகத் தொட்டிமேல் விழுவதைப் பார்த்து, பக்கத்துச் சுவருக்குத் தள்ளி வைக்கலாம் மிஸ் என்று சொன்னாள். மேஜருக்கு அந்த இடம்தான் பழக்கம் என்று மிஸ் கேட்கவில்லை.

பத்து நாள் போயிருக்காது. போனில் மிஸ்ஸின் குரல் பதறியது. தண்ணீர் பச்சையாகிக்கொண்டு வருகிறதாம். ஜன்னல் வெயிலோடு இப்போது புது விளக்கும் சேர்ந்துகொண்டது. வருத்தப்பட வேண்டிய இடத்தில் தனக்கோடிக்கு மனதுக்குள் ஒரு குஷி கிளம்பியது. அதை முகத்தில் காட்டாமல் போய், சின்னப்பாவை விட்டுத் தொட்டியைச் சுவர் ஓரமாக நகர்த்தி, ஜன்னலுக்குத் தடித்த திரை போடச் சொன்னாள். விளக்கு வேண்டாம், கொஞ்ச நாள் இருட்டில் இருக்கட்டும் என்றாள். மிஸ் நல்ல மாணவி மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

தொட்டி போன பிறகு அதிகம் தவித்தது சின்னப்பாதான். மத்தியானம் சாப்பிட வந்தால் காலி இடத்துக்கு எதிரில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். டிவியைக் கீழே இறக்கலாமா என்று அவள் கேட்டதற்கு, அவசரமில்லை என்றான். பிறகு ஒரு சனிக்கிழமை, அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல், ஈஜிபுராவில் யாரோ வீடு காலி செய்யும்போது விட்டுப்போன ஒரு தொட்டியைச் சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான்.

அது மிஸ்ஸின் தொட்டியைப்போல இரண்டு மடங்கு. சந்துக்குள் நாலு பேர் பக்கவாட்டில் நடந்துதான் அதைக் கொண்டுவர முடிந்தது. வாசலுக்கு வந்த பிறகுதான் நிலைக்குள் நுழையாது என்பது தெரிந்தது. அளந்து பார்க்காமல் எப்படி வாங்கினீங்க என்று தனக்கோடி கேட்டாள். பார்த்ததும் பிடித்துப்போச்சு என்றான். பாகீரதி தன் வாசலில் நின்று, இப்படிச் சாயுங்கள், அப்படித் தூக்குங்கள் என்று உத்தரவு போட்டாள். முடிவில் கதவையே கீலிலிருந்து கழற்றிவைத்துவிட்டு, ஒருக்களித்து உள்ளே நுழைத்தார்கள். முன்னறையில் தொட்டியை வைத்த பிறகு, மீதி இடத்தில் இரண்டு பேர் கால் நீட்ட முடியுமா என்பது சந்தேகமாக இருந்தது. தனக்கோடி திட்டிக்கொண்டே டேப்பை எடுத்து, விளக்குக்குச் சட்டம் எவ்வளவு நீளம் வேண்டும் என்று அளந்தாள்.

நிரப்புவதற்கு மட்டும் அவசரப்படவில்லை. மழை பெய்துவிட்டாலும் தண்ணீர் முறைவைத்துத்தான் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறைக்கும் தன் பங்கில் கொஞ்சம் என்று ஊற்றினாள். செடிகளை நட்டு, கப்பிகளை விட்டபோது தண்ணீர் பாதிகூட ஏறவில்லை. மிஸ் ஒரு நாள் ஈரச் செய்தித்தாளில் சுற்றிய நாடாப்புல்லோடு வந்தார். அவருடைய தொட்டியில் வளர்ந்து வெட்டியது. அதை நட இடம் பார்த்துக் குனிந்தபோதுதான் தனக்கோடி கவனித்தாள். தொட்டி நிரம்பும் வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல், கப்பிகள் அந்த அரைத் தண்ணீரிலேயே குட்டி போட்டிருந்தன.